குதிரை இல்லாதவர்

கப்பலை விட்டு இறங்கியபோது
எங்களிடம் மொழி இருந்தது,
ஈரச் சாக்கில் சுற்றிய ஆலிவ் கன்றுகள் இருந்தன,
லிபியக் கரையில் பிறந்து
மெசேனியா என்ற பெயரை மட்டும் கேட்டு வளர்ந்த
பிள்ளைகள் இருந்தார்கள்.
இறந்தவர்கள்தான் இல்லை.

ஊர் என்றால் அடியில் யாராவது படுத்திருக்க வேண்டும்.
எல்லைத் தகராறு வந்தால்
பக்கத்து ஊர்க்காரன் முதலில் கேட்பது அதைத்தான்:
உங்கள் ஆள் எங்கே கிடக்கிறான்?
அவனிடம் மூன்று பேர் இருந்தார்கள்.
ஒருவர் காய்ச்சல்கூடத் தீர்ப்பாராம்.

அத்தி மரத்துக்குக் கீழே
பாறையைக் குடைந்த பழைய அறை ஒன்று அகப்பட்டது.
யார் குடைந்தது, தெரியாது.
தெரியாததே வசதி.
சபை கூடி, கை தூக்கி,
உள்ளே இருப்பவர் வீரர் என்று முடிவு செய்தது.
ஒன்பது முழ உயரம் என்றார் ஒருவர்.
குதிரை ஏறினவர் என்றார் இன்னொருவர்.
பெயர் வைக்கும்போது மட்டும் சண்டை வந்தது,
ஆகவே பெயர் வைக்கவில்லை.

தெலெஸ்தாஸின் சூளையில்
அவன் மனைவி நிகிப்பா களிமண்ணை அச்சில் அழுத்தினாள்.
உள்ளங்கை அகலச் சுடுமண் பலகை,
கயிறு கோக்க மேலே இரண்டு துளை.
குதிரை மேல் தாடிக்காரர்,
கையில் இருகாதுக் கிண்ணம்,
குளம்படியில் நிமிர்ந்த பாம்பு.
நூறு வீட்டுக்கும் ஒரே அச்சு.
அச்சு தேயத் தேய
வீரரின் மூக்கு மழுங்கிக்கொண்டே வந்தது.
யாரும் குறை சொல்லவில்லை.
பாலும் தேனும் ஊற்றினோம்,
கறுப்புக் கடாவின் ரத்தத்தைக்
குழி வழியே உள்ளே விட்டோம்.
மண் குடித்தது. மண் எதையும் குடிக்கும்.

இரண்டாம் வருட மழையில் கூரை சரிந்தது.
மாட்டியிருந்த பலகைகளோடு
சோட்டியோனின் சினை ஆடும் உள்ளே விழுந்தது.
ஊரில் ஒல்லியானவன் நான்.
இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள்.

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
உடைந்த குதிரைகளுக்கு நடுவில் நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
அதன் காலுக்கு அருகே
ஒருக்களித்த ஓர் எலும்புக்கூடு,
இடுப்பெலும்பு அகலம்.
நீலக் கண்ணாடி மணிகள்,
நூல் நூற்கும் கதிரின் கல்வட்டு.
அதன் மார்பை ஒட்டி
பறவை எலும்பு என்றே முதலில் நினைத்தேன்.
தாடையைப் பார்த்த பிறகுதான்.
அரிசி அளவுப் பற்கள்.
கீழே இன்னொரு வரிசை
முளைக்கக் காத்திருந்தது.

வாள் இல்லை. கடிவாளம் இல்லை.
எங்கள் பால் வழிந்து காய்ந்த வெள்ளைத் தடம்
அந்தப் பிள்ளையின் தலைவரைக்கும் வந்திருந்தது.

மேலிருந்து குரல் கேட்டது: "உயரமா?"
பிடரியில் ஆட்டைச் சுமந்தபடி
"உயரந்தான்" என்றேன்.

அன்றிரவு நிகிப்பாவிடம் மட்டும் சொன்னேன்.
அவள் கையைக் கழுவக்கூட இல்லை.
தேமேத்தர் கோயிலுக்கென்று செய்த
உட்கார்ந்த பெண்ணின் அச்சை எடுத்தாள்.
ஒரு சிட்டிகை மண்ணை உருட்டி
மடியில் ஒட்டினாள்.
நகத்தால் இரண்டு கண்.
"பாம்பு வேண்டுமா?" என்று கேட்டாள்.
யோசித்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

புதுக் கூரையின் கீழ், நூறு குதிரைக்காரர்களுக்கிடையே
அதைத் தொங்கவிட்டேன்.
மூன்றே நாளில் பூசாரி கவனித்துவிட்டார்.
இது யார் என்று ஜனங்கள் கேட்டபோது
கொஞ்சமும் தயங்கவில்லை மனிதர்:
"வீரரின் தாய். மடியில் இருப்பது வீரரே,
குதிரை ஏறுவதற்கு முன்."

அறுவடைக்குப் பின் எல்லை வழக்கு வந்தது.
கண்ணால் கண்ட ஒரே சாட்சி நான்.
ஒன்பது முழம் என்று சத்தியம் செய்தேன்.
நாக்கு குழறவில்லை.
நடுவர்கள் நடந்து அளந்து கல் நட்டார்கள்:
ஊற்று எங்களுக்கு,
ஊற்றிலிருந்து மேய்ச்சல் மேடு வரை எங்களுக்கு,
மேட்டில் நிற்கும் நாற்பது ஆலிவ் மரமும்.

அத்தனைக்கும் இன்று பட்டா
பால்பல் விழாத
ஒரு பிள்ளையின் பேரில்.